நாயுடுவின் செருப்பும் வேந்தனின் வயிறும்

1960ஆம் ஆண்டு, சனவரித் திங்கள் பதினாறாம் நாள், சனிக்கிழமை, காணும் பொங்கல். காலையில் நகரி மலையை மூடியிருந்த பனி எட்டு மணிக்கு மேல்தான் விலகிற்று. பகல் முழுதும் நல்ல வெயில். மாலையில் மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று. மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில், உழவர் நாகேந்திரனும் அவர் மனைவி பொன்னியம்மாளும்:

நாகேந்திரன்: ...மீண்டும் வினவுகின்றேன், பொன்னி. யார் இட்டது?

பொன்னியம்மாள்: இன்னாத்த?

நாகேந்திரன்: உணவை! வேட்டைக்குப் புறப்படும் முன்னர் இந்த நாய்க்கு உணவிட்டவர் யார்?

பொன்னியம்மாள்: மெதுவா கேளுய்யா. கட்டிலுக்கு அடியில பூந்துக்கினு நடுங்குது பாரு, பாவம்.

நாகேந்திரன்: பாவமா? நடுங்க வேண்டியவன் நான்! நாற்பது ஊர் மக்கள் திரண்ட காட்டில், நாற்பது நாய்களுக்கு நடுவில்...

பொன்னியம்மாள்: பன்னெண்டு நாயி. ஏரிக்கரை மேல நின்னு பாத்துக்கினுதான இருந்தேன்.

நாகேந்திரன்: குறுக்கே பேசாதே! வேட்டைக்கு முந்தைய நாள் பொழுது சாய்ந்த பின்னர், நாய்க்கு ஒரு பருக்கையும் இடலாகாது. பசித்த நாயே பாயும். இது நம் முன்னோர் வகுத்த நெறி.

பொன்னியம்மாள்: முன்னோரு வகுத்தது முன்னோரு நாயிக்கு.

நாகேந்திரன்: முயல் புதரை விட்டு வெளிப்பட்டது. "வேந்தனே, விரைந்து செல்!" என்று ஆணையிட்டேன். அது என்ன செய்தது?

பொன்னியம்மாள்: நின்னு உன் மூஞ்சியப் பாத்துச்சி. வேந்தன்னா யாருன்னே அதுக்குத் தெரியாது. செவலன்னு கூப்புட்டிருந்தா ஓடியிருக்கும்.

நாகேந்திரன்: ஓடியது! பத்தடி தூரம் ஓடியது. பிறகு... அமர்ந்தது.

பொன்னியம்மாள்: மொசலும் அமந்துச்சி.

நாகேந்திரன்: அதைத்தான் என் நெஞ்சம் பொறுக்கவில்லை! துரத்த வந்தது உட்கார்ந்துவிட்டதைக் கண்டு, அந்த முயலும் திரும்பி உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டது. வேட்டைக்கு வந்தவர்கள் ஈட்டியை ஊன்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்... என்ன, சிரிக்கின்றாயா?

பொன்னியம்மாள்: இல்லய்யா... இருமலு. காத்தால பனியில நின்னேன் இல்ல...

நாகேந்திரன்: அதோடு முடிந்ததா? எழுந்து வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது. நிற்க வேறு இடமே இல்லாதது போல், பங்காருபாளையத்து மாந்தோப்பு நாயுடுகாருவின் புதுச் செருப்பின்மேல்...

பொன்னியம்மாள்: சொல்லு.

நாகேந்திரன்: அச்சொல்லை உச்சரிக்க என் நா கூசுகின்றது.

பொன்னியம்மாள்: வாந்தி எடுத்துச்சி. அதுக்கு எதுக்குய்யா நாக்கு கூசணும்?

நாகேந்திரன்: வடை, பொன்னி! இரண்டு முழு வடைகள்! கடிக்கப்படாத, மெல்லப்படாத, நடுவில் துளை குன்றாத வடைகள்! நாயுடுகாரு குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, எல்லார் முன்னும் என்ன கேட்டார் தெரியுமா? "ஏமய்யா, நீ குக்க பெள்ளி போஜனம் சேசி வச்சிந்தா?" நம் நாய் கல்யாண விருந்து உண்டு வந்ததா என்று!

பொன்னியம்மாள்: வாயில்லாத சீவன் பொய் சொல்லுமா? வயித்துல இருந்தத அப்பிடியே காட்டிடுச்சி.

நாகேந்திரன்: பொன்னி!

பொன்னியம்மாள்: சரி, தோத்துப்போச்சி. நல்லதாப் போச்சி. போன வாரம் புத்தூரு சந்தையில நாயுடு கையில அடிச்சி நீதான சொன்னே? "முதல் முயலை இது பிடித்தால் நாய் உங்களுக்கே"ன்னு. புடிக்கல. செவல நம்மளுக்குத்தான்.

நாகேந்திரன்: அது... ஒரு பெருந்தன்மையில் சொன்ன சொல்.

பொன்னியம்மாள்: இன்னா பெருந்தன்ம? அவரு உன் தோளத் தட்டி "மீ அரவம் பாக உந்தி"ன்னாரு. உன் தமிழு நல்லா கீதுன்னு ஒரு வார்த்த. ஒடனே ஊட்டு நாய எடுத்து நீட்டிட்ட. இன்னும் ரெண்டு வார்த்த சொல்லியிருந்தா என்னயும் சேத்து ஜீப்புல ஏத்தியிருப்ப.

நாகேந்திரன்: நாற்பது வயதில் அரிச்சுவடி தொட்டவன் நான்! இரவுப் பள்ளியில் என் மூக்கில் விளக்குப் புகை ஏறிய அருமை உனக்கு எங்கே தெரியும்? இவ்வூரில் எவனாவது ஒருவன் என் தமிழை நல்ல தமிழ் என்று சொன்னதுண்டா?

பொன்னியம்மாள்: புரிஞ்சாத்தானய்யா சொல்லுவாங்க.

நாகேந்திரன்: போகட்டும். இப்போது நாயுடுகாரு ஐயம் கொண்டுவிட்டார். நாயைக் கொடுக்க மனமின்றி, வேண்டுமென்றே அதன் வயிற்றை நிரப்பிவிட்டோமாம். பொழுது சாயும் வேளைக்கு இங்கே வருகிறார். கற்பூரம் ஏற்ற வேண்டும். நாய்க்கு உரியவன் அச்சுடரை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "நான் உணவிடவில்லை" என்று சத்தியம் செய்ய வேண்டும். செய்தால் நாய் நமக்கு. செய்யாவிடில் அப்படியே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்.

பொன்னியம்மாள்: இத்த ஏன்யா மொதல்ல சொல்லல?

நாகேந்திரன்: அதனால்தான் வினவுகின்றேன். யார் இட்டது?

பொன்னியம்மாள்: ...நான்தான்.

நாகேந்திரன்: எத்தனை?

பொன்னியம்மாள்: நாலு.

நாகேந்திரன்: பொன்னி...

பொன்னியம்மாள்: ஆறு. சக்கரப் பொங்கலு கொஞ்சம். அந்த அடிச்சட்டியில ஒட்டிக்கினு இருந்தது, வேற யாரு துன்னுவாங்க?

நாகேந்திரன்: என் வாக்கை! ஊரறியக் கொடுத்த என் வாக்கை, சட்டியோடு வழித்து நாய்க்குப் போட்டுவிட்டாயே!

பொன்னியம்மாள்: ஆமா, போட்டேன்! அந்தாளு தோப்புல பதினாலு நாயி கீதாம். மாமரத்துக்கு ஒண்ணு கட்டி வெச்சி கொரங்கு ஓட்டுறாராம். அதுல செவல பதினஞ்சாவதா? என் கால்மேல தலய வெச்சாத்தான் அதுக்குத் தூக்கமே வரும். அங்க யாரு காலு நீட்டுவாங்க? எல்லக் கோடு கிழிச்சி திருத்தணிய அந்தப் பக்கம் வெச்சானுங்க, நம்மள இந்தப் பக்கம் வுட்டானுங்க, ஒரு வார்த்த நம்மளக் கேட்டானுங்களா? போற ஊரு போவட்டும். என் ஊட்டு நாயும் என்னக் கேக்காமலே போவணுமா? சரி, இப்ப கத்தி இன்னா ஆவப்போவுது? யோசி. சத்தியம் யாரு செய்யணும்?

நாகேந்திரன்: நாய்க்கு உரியவன்.

பொன்னியம்மாள்: இன்னான்னு?

நாகேந்திரன்: "நான் உணவிடவில்லை" என்று.

பொன்னியம்மாள்: "நான்"னுதான? "எங்க ஊட்ல யாரும்"னு இல்லயே? அப்புறம் இன்னாய்யா! போட்டது நானு. உன் கை சுத்தம். ஓங்கி ஒரு அடி அடி, முடிஞ்சிது.

நாகேந்திரன்: இது... சொல்லின் சந்தில் நுழைந்து அறத்தை ஏமாற்றுவது ஆகாதா?

பொன்னியம்மாள்: நீ போட்டியா? இல்ல. அப்ப அது நெசம்தான?

நாகேந்திரன்: கற்பூரம் சுடும்.

பொன்னியம்மாள்: கொதிக்கிற வெல்லப்பாகுல வெரல வுட்டுப் பதம் பாக்குற ஆளு நீ!

நாகேந்திரன்: காற்று வேறு பலமாக வீசுகிறது. நாளைக் காலையில் வைத்துக்கொண்டால்...

பொன்னியம்மாள்: தோ, ஆரன் சத்தம். வந்துட்டாரு. வேட்டிய இறக்கி வுடு. நிமிந்து நில்லு.

கங்கையா நாயுடு: நாகேந்திரா! உன்னாவா லோபல? உள்ள இருக்கியா?

நாகேந்திரன்: வருக, நாயுடுகாரு, வருக. அமர்ந்தருள்க.

கங்கையா நாயுடு: ஒக்காரதுக்கு வரல. மூணு வாட்டி கெணத்துல கழுவினேன் இந்தச் செருப்ப, இன்னும் வாசன போவல. மதராசுல வாங்கினது! இருவது வருசமா வேட்டைக்கி வரேன். நாய் என்னக் கடிச்சிருக்குது, உதறிட்டு ஓடியிருக்குது. என் கால்மேல எல போட்டு விருந்து வெச்ச நாய இன்னிக்கிதான் பாக்குறேன்.

பொன்னியம்மாள்: மன்னிச்சிக்கோங்க, நாயுடுகாரு. அதுக்கு ஒடம்பு சரியில்ல.

கங்கையா நாயுடு: அம்மா, ஒடம்பு சரியில்லாத நாய் ரெண்டு வட துன்னாது. எனக்கு ஒரே பேச்சி. பட்டினி போடாத நாய வேட்டைக்கி கூட்டி வரது மோசம். அதுக்கு ஒரு பருக்க போட்டவன், எவனா இருந்தாலும், மோசக்காரன். மோசக்காரனுக்கு நாய் மேல பாத்தியத லேது. கற்பூரம் கொண்டா.

பொன்னியம்மாள்: தோ. ரெண்டு வில்லதான் கீது. ஒண்ண ஏத்துறேன்... கொளுத்திட்டேன். அடிய்யா.

கங்கையா நாயுடு: அடி, நாகேந்திரா.

நாகேந்திரன்: நாயுடுகாரு... சத்தியம் என்பது யாதெனில், யான் கற்ற அளவில்...

கங்கையா நாயுடு: கத்தது வத்து, வேணாம். கை.

பொன்னியம்மாள்: அடிய்யா, எரிஞ்சி போவுது! இன்னாத்துக்கு அத்தப் பாத்துக்கினே நிக்கற?

நாகேந்திரன்: பொன்னி...

பொன்னியம்மாள்: இன்னா?

நாகேந்திரன்: நானும் போட்டேண்டி.

பொன்னியம்மாள்: எப்ப?

நாகேந்திரன்: காலங்காத்தால. நீ வாசல்ல கோலம் போட்டுக்கினு இருந்தப்ப. நேத்து கறிக்கொழம்பு மிச்சம் இருந்துச்சி இல்ல, ஒரு சட்டி சோத்துல பெசஞ்சி வெச்சேன். கொஞ்சம் பின்னால ஓடும், மூணாவதா நாலாவதா வரும், மானமாத் தோத்துட்டு ஊட்டுக்கு வந்துடலாம்னு பாத்தேன். அதுக்கு மேல நீ ஆறு வட தள்ளுவன்னு நான் இன்னாத்தக் கண்டேன்? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? புருசன்னு ஒருத்தன் எதுக்குக் கீறேன்? நான் போட்டதோட நின்னிருந்தா இன்னிக்கி இந்த அசிங்கம் வந்திருக்குமா!

பொன்னியம்மாள்: யோவ்... இத்தினி வருசத்துல இன்னிக்கித்தான்யா நீ பேசினது எனக்கு ஒரு வார்த்த விடாம புரிஞ்சிது.

கங்கையா நாயுடு: சூசாவா! பாத்தியா! புருசனும் பொண்டாட்டியும் கூட்டு! நான் அப்பவே நெனச்சேன். முடிஞ்சிது பேச்சி. நாய் என்னுது. எங்க அது? டேய் செவல... ரா... ரா நாயனா...

நாகேந்திரன்: கட்டிலுக்கு அடியிலிருந்து அது வராது. நான் நண்பகல் முதல் அழைத்துக்கொண்டிருக்கின்றேன்.

பொன்னியம்மாள்: ...வந்துடுச்சே.

நாகேந்திரன்: வாலை வேறு ஆட்டுகின்றதே!

கங்கையா நாயுடு: நாய்க்கி நல்ல மனுசனத் தெரியும்பா. சரி, சரி, ஏறாத... கீழ எறங்கு... சீ, ஜோபிய வுடு!

பொன்னியம்மாள்: நில்லுங்க, நாயுடுகாரு. தபால்காரரு கால ரெண்டு தபா புடிச்ச நாயி இது. எங்க மாமியா வந்தாகூட ஒரு மணி நேரம் கொலைக்கும். உங்கள எத்தினி நாளாத் தெரியும் அதுக்கு?

கங்கையா நாயுடு: இன்னிக்கி காத்தாலதான் பாத்துது.

பொன்னியம்மாள்: காத்தால பாத்த ஆளு ஜோபிய ஏன் இப்பிடி மோந்துக்கினு கீது?

கங்கையா நாயுடு: ஜோபில என்னா இருக்குது... கர்சீப்பு...

பொன்னியம்மாள்: அப்ப சரி. இன்னொரு வில்ல கீது. இத்தயும் ஏத்துறேன். நீங்களும் ஒரு அடி அடிச்சிட்டு நாயக் கூட்டிக்கினு போங்க. "நான் போடல". சின்ன வார்த்த.

கங்கையா நாயுடு: நேனா? நான் எதுக்கு? நாய் இவன்து, சத்தியமும் இவன்து.

பொன்னியம்மாள்: இப்பத்தான் நாய் உங்களுதுன்னீங்க?

கங்கையா நாயுடு: அது... அம்மா, எனக்கு நேரமாச்சி. பங்காருபாளையம் போய்ச் சேரணும். ஜீப்புல ஒரு லைட்டு எரியல, வழியெல்லாம் மாட்டு வண்டி...

நாகேந்திரன்: அடியுங்கள், நாயுடுகாரு! "எவனா இருந்தாலும் மோசக்காரன்" என்று சற்று முன்னர் தாங்களே மொழிந்தீர்கள். அறம் இருவர்க்கும் பொது!

கங்கையா நாயுடு: நீ மறுபடியும் ஆரம்பிக்காத, சாமி!

பொன்னியம்மாள்: எரிஞ்சிக்கினு கீது, நாயுடுகாரு...

கங்கையா நாயுடு: ...விடிகாலையில காட்டோரம் அத வேலிக்கால்ல கட்டிட்டு, நாகேந்திரா, நீ வேப்பங்குச்சி ஒடிக்கப் போன. நான் தனியா இருந்தேன், அதுவும் தனியா இருந்துது. எப்பிடியும் ஜெயிக்கும், சாயந்தரம் நம்ம ஜீப்புல ஏறப்போற புள்ள, ஏத்தும்போது என் கையக் கடிச்சிட்டா பங்காருபாளையத்துல நான் தல நிமிந்து நடக்க முடியுமா? கொஞ்சம் பழக்கம் பண்ணிக்கலாம்னு... மாம்பழத் தாண்ட்ரா. நம்ம தோப்புப் பழம், வெயில்ல ஊத்தி ஊத்திக் காய வெச்சது. ஒரு துண்டுதான், தாயி! ...சரி, அப்பிடிப் பாக்காத, ஒரு மொழம் இருக்கும்!

இரண்டாம் கற்பூரம், ஒருவரும் அடிக்காமலே, தானாக எரிந்து அணைந்த நேரம்: மாலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடம். ஜீப், நாயின்றிப் புறப்பட்ட நேரம்: ஆறு மணி இருபது நிமிடம்.