கை வைத்தால் நிற்கும் இரைச்சல்

மைமல் நேரம்... ஆறரை மணி இருக்கும். குருக்கள்மடத்துப் பிரதான வீதியிலிருந்து வாவிக்கரைக்குப் போகும் மணல் பாதையில் ஒரு குஞ்சு குருவி இல்லை. நம்முடைய விஜிதரனின் மச்சான் நிதுர்ஷன் முதுகில் கிற்றாருடன் மோட்டார் சைக்கிளில் போகிறான். றிஷாட், கதை கேட்கிற இடத்தில் சிரிக்காதே; சிரிக்கிறதென்றால் வெளியே போய்ச் சிரி. நடந்தது அவனுக்கு, உனக்கல்ல.

அன்று நிலோஜனுக்கு முப்பத்தோராம் நாள் படையல். நிதுர்ஷன் இருக்கும் இசைக்குழுவின் கிற்றார்காரன் நிலோஜன். வாவியில் வலை வீசப் போய், தோணி கவிழ்ந்து செத்துப்போனான். அவன் மனைவி யசோதினி நிதுர்ஷனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள்.

"தம்பி, எனக்கு வேற ஒண்டும் வேணாம். அவர்ர கிற்றார்ச் சத்தத்தை ஒருக்காக் கேட்டாப் போதும்."

"ஓம் அக்கா, நான் வாசிக்கிறன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டான்.

அந்தச் சத்தம் லேசுப்பட்டதா? கிற்றார்ச் சத்தத்தைக் கரகரப்பாக்க, காலால் மிதிக்கிற பெட்டி இரண்டு உண்டு. நிலோஜன் ஓவர்டிரைவ் பெடலை மெல்லமாய்த் திறந்து, அதைக் கொண்டுபோய் டிஸ்டோர்ஷன் பெடலில் முட்ட விடுவான். கம்பி கரகரக்கும். ஆனால் அழுகிற ஆளின் தொண்டை மாதிரி ஒவ்வொரு சுரமும் விளங்கும். பெடல்களின் திருகு குமிழ்கள் எங்கே நிற்க வேண்டும் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். செத்த வீட்டுத் துடக்குக் கழித்த அன்று யசோதினி வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் மஞ்சள் தண்ணீரால் துடைத்தாள்... பெடல்களையும் சேர்த்து! குமிழெல்லாம் திரும்பிவிட்டது. நிதுர்ஷன் அவற்றையும் கிற்றாரையும் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் இரவு பகலாய்த் திருகினான். ஒருமுறை குளவிக்கூடு மாதிரிச் சத்தம், ஒருமுறை தகரத்தில் ஆணி கீறுகிற சத்தம். நிலோஜன் வரவேயில்லை. அன்றைக்கும் அதே கவலையோடுதான் போகிறான்.

இன்னொன்று சொல்ல வேண்டும், கவனமாய்க் கேளுங்கள். இந்தப் பெடல்களின் குமிழைக் கூட்டி வைத்தால் கிற்றார் சும்மா கிடந்தாலும் "ம்ம்ம்ம்" என்று இரையும். ஆள் கம்பியில் கை வைத்தால் நின்றுவிடும். கையை எடுத்தால் மறுபடி இரையும். பேயுமில்லை பிசாசுமில்லை, அது கரண்டின் குணம்.

யசோதினி வீட்டில், நிலோஜனின் படத்துக்கு முன்னால் வாழையிலையில் சோறு, இறால் பொரியல், கணவாய்க் கறி. கிற்றாரையும் பக்கத்தில் சாய்த்து வைக்கச் சொன்னாள் யசோதினி. நிதுர்ஷன் எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்தான். பார்த்தவன் அம்ப்ளிபயரை அணைக்க மறந்துவிட்டான். விளக்கேற்றி, கதவைச் சாத்திக்கொண்டு எல்லாரும் விறாந்தைக்கு வந்தார்கள். செத்தவர் வந்து சாப்பிட்டுப் போகும்வரை உள்ளே ஒருவரும் நிற்கக் கூடாதே.

கதவுக்கு அந்தப் பக்கம் "ம்ம்ம்ம்..."

நிதுர்ஷனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. போய் அணைக்கவும் முடியாது. நிற்கவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தவித்தான்.

திடீரென்று... இரைச்சல் நின்றது.

"கரண்ட் போயிட்டுப் போல" என்றாள் யசோதினியின் தாய் சீதேவிப்பிள்ளை.

நிதுர்ஷன் நிமிர்ந்து பார்த்தான். விறாந்தை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மின்விசிறி சுற்றியது. கதவிடுக்கால் ஒரு வாடை வந்தது... வாவிச் சேற்று வாடை.  

கதவைத் திறந்தபோது உள்ளே ஒரு ஆளுமில்லை. கிற்றார் சாய்த்த இடத்திலேயே இருந்தது. பெடல் குமிழ்கள் மட்டும்... அவன் வைத்த இடத்தில் இல்லை. தொட்டான். ஈரம்.

"வாசி தம்பி" என்றாள் யசோதினி.

வாசித்தான். முதல் சுரத்திலேயே அவள், "ஐயோ, இது அவர்தான்... அவர்தான்!" என்று நிலத்தில் விழுந்து அழுதாள். அதே கரகரப்பு. அதே தொண்டை. நிதுர்ஷனுக்கும் கண் நிறைந்துவிட்டது. கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டது. காப்பாற்றியது யார் என்று என்னைக் கேட்காதீர்கள்.

வாசித்து முடித்துக் கிற்றாரைப் பாயில் கிடத்தினான். கம்பியை விட்டு இரண்டு கையையும் எடுத்து முகத்தைத் துடைத்தான். அம்ப்ளிபயரின் சிவப்பு விளக்கு எரிந்தபடிதான் இருந்தது. இப்போது இரையும், இப்போது இரையும் என்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

இரையவேயில்லை.