கணவர் என்பதற்கு ஆதாரம்

மாலை 6.40. டெல்லியில் ஜனக்புரி செல்லும் மெட்ரோவில் எதிரே ஒரு தமிழ்த் தம்பதி அமர்ந்திருந்தார்கள். இருவர் மடியிலும் மக்களவைத் தேர்தலில் வாக்குச்சாவடிப் பணிக்கான ஆணை இருந்தது. நடுவில் ஐந்து வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் போய்ட்டா இவள யாருகிட்ட விடறது?" என்றார் கணவர். "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் டூட்டி விழுந்தா ஒருத்தருக்கு விலக்கு உண்டே. கேட்டியா?"

"கேட்டேங்க. நீங்க என் புருஷன்னு ஆதாரம் கேக்கறாங்க."

"கல்யாண சர்டிஃபிகேட்..."

"கோயில்ல தாலி கட்டினதோட சரி. பதிவு பண்ணலாம்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன்."

"வோட்டர் கார்டு?"

"அதுல எங்கப்பா பேரு. ஊர்ல ஒரு ஓட்டு இருக்கட்டும், மாத்தாதேன்னது நீங்கதான்."

"அந்த ஓட்டையும் போன மாசம் ஊர்ல தேர்தல் நடந்தப்ப போய்ப் போடல."

"லீவு எங்க குடுத்தாங்க?"

"இவளோட பர்த் சர்டிஃபிகேட்ல நம்ம ரெண்டு பேர் பேரும் இருக்குமே."

"பிரசவம் எங்கம்மா வீட்ல. பஞ்சாயத்துல எல்லாத்தையும் தமிழ்ல எழுதிக் குடுத்துட்டாங்க. கவுன்ட்டர்ல இருந்தவர் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, இந்தில கொண்டாங்க மேடம்னுட்டார்."

"எப்போ வரைக்கும் வாங்குவாங்க?"

"நாளைக்கு மத்தியானம்."

ரயில் நின்றது. அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டார். மனைவி இரண்டு ஆணைகளையும் பையில் வைத்தார்.

வாக்குச்சாவடி ஊழியர்கள் முந்தின நாளே போய், இரவு அங்கேயே தங்க வேண்டும்.