எதிர்க்கரை மணி

நான் படகைப் பழுதுபார்ப்பது எப்போதும் நவம்பரில்தான். பருத்தி மூட்டைகள் போய்ச் சேர்ந்திருக்கும், ஆற்றைக் கடக்கத் துறையில் கூட்டம் இராது. பலகை இடுக்கில் சணலைத் திணித்துத் தார் பூசிவிட்டால் மறு வருஷம்வரை கவலையில்லை. அந்த வருஷம் அந்த வேலை கவர்னர் தேர்தல் நாளில் அமைந்தது. அலபாமாவில் அதற்குத் தடைச் சட்டம் ஒன்றும் இல்லையே.

வாக்குச்சாவடியை எங்கள் கரைக்கு மாற்றியது நானல்ல. மேலே உள்ளவர்கள் முந்தின நாள் செய்தது அது. அன்று சாயங்காலம் பண்ணையார் டிரெய்டன் வந்து, "அம்ப்ரோஸ், நாளைக்கு உன் படகு கரையிலயே கெடக்கட்டுமே" என்றார், அவ்வளவுதான். எதிர்க்கரையில் இருந்தவர்கள் எல்லாம் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையாகி ஒன்பதே வருஷமான கறுப்பர்கள். அவர்கள் ஓட்டு யாருக்கு விழும் என்று டிரெய்டனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் ஊரோடு ஒத்துப் போகிறவன்.

படகு வேண்டுமென்றால் எதிர்க்கரையில் தொங்கும் மணியை அடிக்க வேண்டும், அதுதான் எங்கள் துறை வழக்கம். அன்று விடிந்ததிலிருந்து அது ஓயவில்லை. நான் படகைக் கவிழ்த்துப் போட்டுத் தூரிகையும் கையுமாக இருந்தேன். மணிக்கு நடுவே பிரைமஸ் கெய்தரின் குரல் வந்தது. அதற்கு முந்தின வருஷம் வெள்ளம் என்னை அடித்துக்கொண்டு போனபோது, நீந்தி வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தவன்.

"அம்ப்ரோஸ் ஐயா, நீங்க இருக்கறது தெரியுது. ஒரு நடை கொண்டாந்து விடுங்க. ஓட்டப் போட்டுட்டு நானே வந்து தார் பூசித் தர்றேன்."

நான் தலை நிமிரவில்லை. மூன்று மணிக்கு மேல் வேலிக் கம்புகளைக் கட்டித் தெப்பமாக்கி ஆறு பேர் கிளம்பினார்கள். நடு ஆற்றில் கட்டு அவிழ்ந்தது. நவம்பர் தண்ணீரில் கைகால் மரத்துப்போகும். பிரைமஸ் கடைசிவரை என் பெயரைத்தான் கூப்பிட்டான்.

விசாரணையில், எதிர்க்காற்று, காதில் விழவில்லை என்றேன். படகு ஒழுகல் என்றும் சொன்னேன். நம்பினார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழியை ஆற்றின் மேல் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஆறு உடல்களையும் கரை சேர்த்தது நான்தான். இத்தனை வருஷம் கழித்துக் கேட்டு எழுத வந்திருக்கிறீர்கள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வாக்குச்சாவடியை மூடியதும் படகை இறக்கினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. எப்படி வரும்? அந்த வருஷம் மட்டும் அக்டோபரிலேயே பூசி முடித்திருந்தேன். அன்று பகல் முழுக்க நான் தூரிகையை முக்கி முக்கி எடுத்த சட்டியில் தாரே இல்லை.