ஆடியில வாங்குன ஊடு

காத்தால ஏழு மணி மில்லுச் சங்கு ஊதறதுக்குள்ள மூணு பேரு வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க, நாலாவது ஆளு நீங்க. நம்ம பேரு மாரப்பனுங்க. ஊடு நம்மளுதுதான். வாங்க, குனிஞ்சு வாங்க, வாசக்கால் தாழ்வு. ஏனுங்க, வண்டியில படுத்திருக்கறவரையும் கூப்புடுங்களே, வெய்ய ஏறுது. உங்களப் பெத்த அய்யனுங்களா? சளியா? செரி செரி, இருக்கட்டும். பயண அசதியும் சேந்திருக்குமாட்ட.

இது ஆசாரமுங்க, ஊட்டுக் கூடம். அது சமையக்கட்டு. பொறகால கெணறு இருக்குது, உப்புத் தண்ணி. குடிக்கறதுக்கு முக்குக் குழாயிலயே சிறுவாணி வருது. கரண்டு இன்னும் இழுக்கல. ஒட்டடைய அடிச்சுப்போட்டா ஊடு புதுசாட்ட ஆயிரும். ஆமாங்க, மூணு வருசமா ஆரும் குடியில்ல. வர்றவங்களுக்கெல்லாம் புடிக்குது, எனக்குத்தான் சாவியக் குடுக்கக் கை வரமாட்டீங்குது.

வாடகைக்கா கெரயத்துக்கான்னு கேட்டா, எதுன்னாலும் செரிங்க. நீங்களே இன்னும் முடிவு பண்ணலையாட்டத் தெரியுது. தாராபுரத்துல வெள்ளாமக் காட்ட வித்த பணம் கையில இருக்குதுங்கறீங்க. அய்யன் வாங்குடாங்கறாரு, உங்க சம்சாரம் வாடகையே போதுங்கறாங்க. இதுல நான் என்னத்தச் சொல்ல? வாடகை ஊட்டுலயும் இருந்து பாத்தேன், சொந்த ஊடும் வாங்கிப் பாத்தேன். ரெண்டுலயும் ஒண்ணும் வெளங்கலீங்க.

நானுங்களா? நான் இங்க இல்லீங்க, ரங்கம்மா வளவுல இருக்கறேன். ஒரே வளவுக்குள்ள ஒம்பது குடும்பம். ஆமாங்க, வாடகைக்குத்தான். நீங்க சிரிக்கறீங்க, மில்லுல அவனவன் கையெடுத்துக் கும்புடறான், சொந்த ஊட்டப் பூட்டிப்போட்டு வாடகை குடுக்கற மவராசன் வாரான்னு. மில்லுக்கு அது பக்கமுங்க, அதான். இல்லீங்க, பக்கமெல்லாம் இல்ல. இங்கிருந்துதான் பக்கம்.

பேயி பிசாசு ஒண்ணும் கெடையாதுங்க. அப்பிடியெல்லாம் நெனச்சுப்போடாதீங்க.

நம்ம ஊட்டுக்காரி பூவாத்தா. வவுத்துல கட்டி. பெரியாஸ்பத்திரியில பாத்துட்டு, இனி ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரப்பான்னாங்க. எந்த ஊட்டுக்குங்க? வாடகை ஊட்டுல உசுரு போகறதுக்கு ஆரு உடறாங்க? உங்க பக்கமும் அப்பிடித்தான? அதுலயும் அவிட்டம், சதயம்னு அடைப்பு நட்சத்திரத்துல போயிட்டா ஆறு மாசம் ஊட்டப் பூட்டி வெக்கோணும். ரங்கம்மா புருசன் இல்லாதவங்க, வாடகையிலதான் அவங்களுக்கு அடுப்பு எரியுது. ஒரு ஊட்டப் பூட்டுனா மத்தவங்களும் பயந்துட்டுக் காலி பண்ணிப்போடுவாங்க.

செரி, ஒரு ஊட்ட வாங்கிப்போடலாம்னு பாத்தா, பூவாத்தா ஒத்துக்கல. சாகறதுக்கு ஆராச்சும் ஊடு வாங்குவாங்களா, மசையனாட்டப் பேசாதீங்கன்னு வைவா. எங்க புள்ள பொன்னாத்தாளுக்குக் கண்ணாலத்தப் பண்ணுங்க, எனக்கு எந்தக் கூரைன்னா என்னம்பா. அப்புறம் வலி கொஞ்சம் தணிஞ்சிருந்தா அவளே கேப்பா, நீங்க பாத்த ஊட்டுல சமையக்கட்டு எந்தப் பக்கம்னு. வாங்கட்டுமாங்கிறப்ப வேண்டாம்பா. செரி, உட்டர்றேன்னா மூஞ்சியத் திருப்பிக்குவா. நான் என்னன்னு முடிவு பண்றது? இப்பிடியே ஆனி போயிருச்சு.

ஆடி பொறந்து இந்த ஊடு கெடச்சுது. சீனிவாசலு நாயுடுன்னு ஒருத்தருது. நல்ல மனுசனுங்க. ஆனா ஆடியில ஊட்டக் குடுக்கறதான்னு அவரு ஊட்டம்மா ஆகவே ஆகாதுன்னுட்டாங்க. சிப்டு முடிஞ்சு தெனமும் வந்து இந்த வாசல்ல நின்னேன். கடேசியில அந்தம்மாளே எறங்கி வந்து, பௌர்ணமின்னா செரின்னாங்க. பொதங்கெழம.

செவ்வாக்கெழம மத்தியானம் அவளுக்கு மேமூச்சு வாங்க ஆரம்பிச்சுது. ரங்கம்மா வந்து வாசப்படியில நின்னாங்க. உள்ள வரல, அழுகறாங்க. மாரப்பா, அவிட்டம் பொறக்கப் போகுதாம்ப்பா, நான் என்ன பண்ணட்டும்னாங்க. அவங்கள என்னத்தச் சொல்றதுங்க? வண்டி கட்டுனேன். நாளைக்கு எழுதப்போற ஊடுதான, இன்னிக்கே தொறந்து உடுவாருன்னு ஒரு நெனப்பு.

நாயுடு சாவியக் கையிலயே வெச்சிருந்தாரு. குடுக்கல. இன்னிக்கு இது எம்பட ஊடப்பா, மருமவ முழுகாம இருக்கறா, விடிஞ்சா உன்னுதுன்னாரு. அவரு எடத்துல நான் இருந்திருந்தா குடுத்திருப்பனா? தெரியலீங்க.

உங்க வண்டி நிக்குதே அந்தப் புளியமரம், அங்கதான் நம்ம வண்டியும் நின்னுது. பூவாத்தா தலையத் தூக்கிப் பாத்தா. ஓடெல்லாம் புதுசா இருக்குதுங்களேன்னா. அவ்வளவுதான் பேசுனா. பொழுது எறங்கறப்ப அடங்கிருச்சு. பொறகு அய்யரு பஞ்சாங்கத்த விரிச்சுப் பாத்தாரு. அவிட்டம் பொறக்கவே இல்லியாமா. திருவோணம். அடைப்பே கெடையாதுன்னாரு. வளவுலயே கெடந்திருக்கலாம்.

அதுக்கப்புறம் ரங்கம்மா எனக்கு வாடகைய ஏத்தறதே இல்லீங்க. நானும் காலி பண்றதில்ல. ரெண்டு பேரும் அதப் பத்திப் பேசிக்கறதும் இல்ல.

செரி, உங்க அய்யனுக்கு வெறும் சளிதாங்கறீங்க. இருக்கட்டுங்க தம்பி, நான் ஒண்ணும் கேக்கல. முந்திப் பாத்த ஊட்டுக்காரங்க வண்டிய எட்டிப் பாத்துட்டு என்ன சொல்லியிருப்பாங்கன்னு தெரியும். வாடகையா கெரயமான்னு மெல்ல யோசிங்க. இதுவும் ஆடிதான, ஆவணி பொறந்துகூடச் சொல்லுங்க. இந்தாங்க சாவி. புடிங்க, அப்புறம் என்ற கை மறுபடியும் மடங்கிக்கும். அவரத் தூக்கிட்டு வந்து ஆசாரத்துல படுக்க வெய்யுங்க, அங்கதான் காத்து வரும். எத்தன நாளானாலும் இருக்கட்டும். எந்த நாளுன்னாலும் செரி.

பத்தரமுங்களா? இருக்குது, வில்லங்கம் ஒண்ணும் இல்லீங்க. ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி முப்பத்தஞ்சு, ஆகஸ்டு பதினாலு, பொதங்கெழம, காத்தால பதினோரு மணிக்கு நாயுடு கையெழுத்துப் போட்டுப் பதிஞ்சு குடுத்தாரு. நான் சுடுகாட்டுல இருந்தேனுங்க.