நாவத்திட்டில் கரையேறிய இரும்பு

தண்ணீர் இடுப்பளவு. ஓடுகிறேன். ஓட முடியவில்லை. சேறு காலைப் பிடிக்கிறது. பின்னால் புகை. யாரோ கத்துகிறார்கள்.

"குண்டு போட்றானுங்கோ! தோணில ஏறாத! தண்ணில படு!"

அண்ணாந்து பார்க்கிறேன். விமானம் இல்லை. கொக்குகள் மட்டும். எல்லாம் ஒரே திசையில்.

1971 டிசம்பர். செவ்வாய்க்கிழமை. ரேடியோவில் காலை ஏழேகால் செய்தி முடிந்து அரை மணி இருக்கும். சத்தம் ஒன்றுதான். முதலில் தரை ஆடியது. பிறகு சத்தம். அதன்பின் ஓலைக் கூரைகள்மேல் மணல் விழும் ஒலி, மழை மாதிரி. அப்புறம் காதுக்குள் ஓர் ஊசி. மூன்று நாள் இருந்தது.

போர் தொடங்கியதிலிருந்து நாவத்திட்டில் பொழுது சாய்ந்ததும் விளக்கை அணைத்தோம். பழவேற்காடு ஏரிக்குள் கிடக்கும் சின்னத் தீவுக்கும் அதுதான் உத்தரவு. ஆபத்து வானத்திலிருந்து வரும் என்று சொல்லியிருந்தார்கள். நாங்கள் அண்ணாந்தே பார்த்துக்கொண்டிருந்தோம். அது தண்ணீரில் வந்தது.

எங்கள் ஏரியில் வலை போடும் இடத்துக்கு முறை உண்டு. சீட்டுப் போட்டு எடுப்பார்கள். இன்று உன் நாள், நாளை என் நாள். உன் நாளில் உன் இடத்துக்கு வருவதெல்லாம் உனக்கு. மீன், இறால், அடித்து வரும் மரக்கட்டை, எதுவானாலும். அடுத்தவன் தொடமாட்டான். நீ விட்டுவிட்டால் ஊரே சிரிக்கும்.

அந்தச் செவ்வாய் என் நைனாவின் முறை. முகத்துவாரத்துப் பக்கம் அவர் வலையில் ஓர் இரும்பு உருண்டை. அண்டா அளவு. மேலே கொம்பு கொம்பாக. துரு, பாசி, சிப்பி. கரைக்குச் சற்று முன்னால் மிதந்தது.

"ஏ கௌரி! ஓடியா. இன்னாது இது பாரு."

எனக்குப் பதினேழு வயது. தீவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள் நான் ஒருத்திதான். ஊருக்கு வரும் கடிதமெல்லாம் நான்தான் படிப்பேன். ஓடினேன். பாடப்புத்தகத்தில் துறைமுகப் படம் ஒன்று உண்டு. அதிலும் உருண்டையாக ஒன்று மிதக்கும். அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

"மெதவை நைனா. கப்பல் கட்றது. சங்கிலி அறுந்து வந்துக்குது."

"அப்ப இந்தக் கொம்பு?" கேட்டது எல்லப்பன் மாமா. கன்னியம்மா அத்தையின் வீட்டுக்காரர். நைனாவின் முறையில் எப்போதும் கூட வலை இழுப்பவர்.

"கயிறு மாட்றதுக்கு மாமா."

தெரியாது என்று சொல்ல எனக்கு வரவில்லை.

அத்தை மணல்மேட்டின் மேல் வலை உலர்த்திக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே கத்தினாள். "தலையாரியாண்ட சொல்லிட்டு இழுங்களேன்!"

"என் மொறைல வந்தது. என்னுது. எவனாண்ட இன்னாத்துக்குக் கேக்கணும்?" நைனா கயிற்றைக் கட்டினார். நீளம் போதவில்லை. இன்னொன்று எடுத்து வரச் சொன்னார்.

வீட்டுக்குப் போனேன். மேட்டுக்கு இந்தப் பக்கம், கடைசி வீடு. கயிறு பரணில். ஏணியில் நின்று கையை நீட்டினேன். தரை ஆடியது.

பிறகு ஓட்டம். விமானம் என்றே எல்லோரும் நினைத்தோம். ஒரு தோணி கவிழ்ந்தது. செல்லம்மா அடியில் போனாள். என் தோழி. மீன் மாதிரி நீந்துவாள். அவள்மேல் பத்துப் பேர் விழுந்தார்கள்.

மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள். பார்த்தார்கள். எழுதினார்கள். வெடி வைத்து மீன் பிடித்தபோது விபத்து.

எங்கள் ஊரில் வெடி வைத்தவனுக்கு அதன்பின் முறையே கிடையாது. சீட்டில் பெயரே இருக்காது. அப்படிப்பட்ட பெயரைச் செத்துப்போன நைனாவுக்கும் மாமாவுக்கும் கொடுத்துவிட்டார்கள். தீவுக்கு யாரும் திரும்பவில்லை. அக்கரையில் சிதறினோம்.

இப்போது 1976. கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனி. சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. ஒரு துண்டைக் கையில் வாங்கினால் மூன்று முறை பார்க்கிறேன். சூப்பர்வைசர் கிண்டல் செய்கிறார். பார்க்கிறேன்.

நேற்று ஞாயிறு. அத்தையோடு தீவுக்குப் போனேன். அதிகாரிகள் எழுதியதை மாற்றக் கேட்டு மனு எழுத வேண்டும். வீடுகளை எண்ண வேண்டும். காலால் அளந்தேன். வாசலுக்கு வாசல் ஓடினேன். கூரைகள் உட்கார்ந்துவிட்டன. மண்சுவர் முழங்கால் உயரம். செல்லம்மா வீட்டு அம்மிக்கல் அப்படியே கிடக்கிறது. அடுப்புக்குள் நண்டு. நாவல் மரங்கள் மட்டும் நன்றாக இருக்கின்றன. அதைப் பார்க்கத்தான் தாங்கவில்லை.

"இன்னாடி, வால்ல நெருப்பு வெச்சாமாரி சுத்திக்கினே கீற? ஒக்காரு செத்த."

எங்கள் வீட்டுப் பரண் மூங்கில் மட்டும் நின்றிருந்தது. அதில் கயிறு. தொட்டேன். உதிர்ந்தது. அப்போதுதான் சொன்னேன்.

"அத்தே. மெதவைன்னு சொன்னது நானு."

"தெரியும். மேட்டு மேலதான நின்னேன்."

ஐந்து வருடம். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"நீ கயித்துக்குப் போனப்பறம் இன்னொரு வாட்டி கத்துனேன். ஒங்க மாமா திரும்பிப் பாத்துச் சிரிச்சாரு. நம்ம கௌரியே சொல்லிடுச்சி, நீ இன்னாத்த கண்டன்னாரு. நானும் சரின்னு இப்பால எறங்கிட்டேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அஞ்சு வருசமா என்ன வெடி வெச்சவன் பொண்டாட்டின்றானுங்கோ. எழுது. நீ சொன்னதையும் சேத்து எழுது. அது இல்லாங்காட்டி, தெரிஞ்சே எவனாவது அத்த இழுப்பானான்னு அதிகாரி கேப்பான். அவரு சிரிச்சாரு பாரு, அதையும் எழுது."

எழுதுகிறேன்.

முனுசாமி, என் நைனா. எல்லப்பன், என் மாமா. செல்லம்மா, தோணியில். மூன்று பேர்.

வீடுகள் இருபத்திரண்டு. தோணிகள் நான்கு. வலைகள் கணக்கில்லை.

வெடி ஒன்றுகூட வைக்கவில்லை. வலையில் வந்தது போருக்காகக் கடலில் போட்ட கண்ணிவெடி.

மிதவை என்று சொன்னவள் கௌரி, முனுசாமியின் மகள். நம்பினார்கள். எல்லப்பன் சிரித்துக்கொண்டே இழுத்தார்.

அன்று முனுசாமியின் முறை.