மன்றத்துக்கு வராத ரங்கன்

வயதானவர்களைத் தரையில் உட்கார வைக்கக் கூடாது, ஐயா. எழுந்திருக்கும்போது முழங்கால் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் மன்றத்துக்கு முதல் வேலையாக முதுகு சாய்கிற பெஞ்சு செய்யச் சொன்னேன்.

மன்றத்து வேலையாள் சின்னானை ஸ்டேஷனுக்கு வெளியே உட்கார வைத்திருக்கிறீர்கள். ஏரிக்கரைக் கயிற்றை அவன் தப்பாகக் கட்டியதால்தான் ரங்கன் செத்தார் என்று ஊரில் பேச்சு. அவன் கட்டியதில் குறை ஒன்றும் இல்லை. அனுப்பிவிடுங்கள். மன்றத்தைப் பெருக்கவும் ரேடியோவுக்கு பாட்டரி மாற்றவும் அவன் வேண்டும். மற்றதை நான் சொல்கிறேன்.

என் பெயர் அந்தோணிமேரி. சேலம் டவுனில் பிறந்தவள். பனமரத்துப்பட்டிப் பக்கம் இருக்கிற இந்த ஊருக்குக் கிராம சேவிகாவாக வந்தபோது இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் முடிகிற சமயம். குழந்தைகளுக்குப் பால் பவுடர் இருந்தது, பெண்களுக்கு மாதர் சங்கம் இருந்தது. கிழவர் கிழவிகளைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். பழைய தானியக் கிடங்குக்கு வெள்ளையடித்து, ஜன்னல் வைத்து, தடுக்கி விழாமல் இருக்க வாசல்படியை உடைத்துச் சரிவாக்கினேன். முதியோர் மனமகிழ் மன்றம் என்று பலகை மாட்டினேன். காது மந்தமானவர்கள் ரேடியோவுக்குப் பக்கத்தில், மற்றவர்கள் தள்ளி. பகலில் கேரம், மாலையில் பாட்டு.

முதலில் எல்லோரும் வந்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராக ஏரிக்கரைப் புளியமரத்தடிக்கு நழுவிவிட்டார்கள். அங்கே ரங்கன் இருந்தார். ஏற்றம் இறைத்துப் பிழைத்தவர், இரண்டு கண்ணும் போய்விட்டது. வேர்மேல் உட்கார்ந்துகொண்டு ரேடியோக்காரர் மாதிரியே உரத்தைப் பற்றியும் பூச்சி மருந்தைப் பற்றியும் செய்தி வாசித்துக் காட்டுவார். மன்றத்தில் வாயே திறக்காத மயிலம்மாள் அங்கே முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். என்னைப் போலவும் பேசிக் காட்டினார்: "எல்லாரும் சந்தோஷமா இருங்க, சத்தம் மட்டும் போடாதீங்க." நானும்தான் சிரித்தேன். அதில் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன்.

அவர் குளிக்கப் போகத் தடுமாறுவதைப் பார்த்து, மரத்திலிருந்து படித்துறை வரைக்கும் முளையடித்துக் கயிறு கட்டச் சின்னானிடம் சொன்னதும் நான்தான். அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு, நல்லா இரு சாமி என்றார்.

போன மாதம் மேலதிகாரிகள் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் கெங்கவல்லி வரைக்கும் ஊர் ஊராக மன்றம் திறப்பார்கள். எத்தனை வயதானவர்களுக்கு நல்லது, யோசித்துப் பாருங்கள். ரங்கன் வந்தால் எல்லோரும் வருவார்கள். போய்க் கேட்டேன்.

"நீ கூப்பிட்டு வராம இருப்பனா? அன்னிக்கு எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு வாரேன் சாமி. மக்யா நாளு மரத்தடிக்கு வந்துருவோம்."

"மன்றத்துல என்னங்க குறை?"

"கொறை ஒண்ணுமில்ல. அங்க ரேடியோ பேசுது, நாங்க கேக்கறோம். இங்க நாங்க பேசறோம்."

நியாயமாகத்தான் பேசினார். ஆனால் ஒரு நாள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவதற்குத் திட்டம் என்று பெயர் இல்லை, ஐயா. மரத்தடி இருக்கிற வரைக்கும் மன்றம் நிலைக்காது. மரத்தடி என்றால் அவர்தான்.

மறுநாள் உச்சி வெயிலில், கரையில் ஆள் இல்லாதபோது, கயிற்றின் நுனியைப் படித்துறை முளையிலிருந்து அவிழ்த்து மதகுக் கல்லில் கட்டினேன். அங்கே கரை செங்குத்து, ஆழமும் அதிகம். கண் உள்ளவர்கள் கயிற்றைப் பிடிப்பதில்லை. வேறு யாருக்கும் ஆபத்து வரக்கூடாது என்று யோசித்துத்தான் செய்தேன்.

சாயங்காலம் மற்றவர்கள் ஆடுமாடு கட்டப் போன பிறகு அவர் குளிக்கக் கிளம்பினார். நான் மரத்தடியில் நின்றிருந்தேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதி வழி நடந்தவர், காலடி மண் புதிதாகப் பட்டதோ என்னவோ, நின்றுவிட்டார்.

"யாருங்க அங்க?"

"நான்தாங்க, மேரி."

"நீ இருக்கறியா? அப்பச் சரி," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மாலைப் பாட்டுக்கு நேரமாகிவிட்டது. மன்றத்தைத் திறக்கப் போய்விட்டேன்.

இப்போது மரத்தடிக்கு யாரும் போவதில்லை. காலையிலேயே மன்றத்துக்கு வந்துவிடுகிறார்கள். மயிலம்மாள் சுவரைப் பார்த்தபடி பொழுதுக்கும் உட்கார்ந்திருக்கிறாள். கேரம் காய்களை யாரும் கலைப்பதுகூட இல்லை. இவ்வளவு அமைதியான முதியவர்களை எங்கேயும் பார்த்ததில்லை என்று அதிகாரிகள் பாராட்டினார்கள். பழக்கம்தான், ஐயா. எல்லோருக்கும் மன்றம் பிடித்துப்போய்விட்டது. இன்னும் கொஞ்ச நாள் உயிரோடு இருந்திருந்தால் ரங்கனும் வர ஆரம்பித்திருப்பார்.