மாடியில் ஐரீனின் மேசை

சாயங்காலம் ஏழு மணி. ஞாயிற்றுக்கிழமை. பினாங்கு பீச் ஸ்ட்ரீட்டில் அந்த நேரத்தில் ஒரு நாய்கூட இருக்காது... வங்கிகள், ஆபீஸ்கள் எல்லாம் சனி மத்தியானமே மூடிவிடும்.

இது என்னோடு வேலை செய்த ஜெயராஜின் மாமாவுக்கு நடந்தது. பெயர் பெர்னார்ட். தொண்ணூற்றிரண்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். மனைவி இறந்து இரண்டு வருடம். சுங்கை பினாங் ஃபிளாட்டில் தனி ஆள். ஞாயிறு கூப்பிட்டாலும் போய்விடுவார்.

கூப்பிட்டது ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் மேனேஜர், நாகநாதன். மாடியில் ஒரு கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை, காலையில் கப்பல் வருகிறது, பேப்பரெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது என்று சாவியைக் கொடுத்தனுப்பியிருந்தார்.

பெர்னார்ட் சுவிட்சைப் போட்டார். ஃபேன் சுற்றியது. ஒரு ‘பீப்’. திரையில் ஒரு எண் வந்து அப்படியே நின்றது... 39.

அந்தக் காலத்து மெஷின்கள் கிளம்பும்போது கீபோர்டில் ஏதாவது ஒரு கீ அழுந்தியிருந்தால், அதன் எண்ணைக் காட்டிவிட்டு நின்றுவிடும். 39 என்றால் ஸ்பேஸ் பார். கீழே நீளமாக இருக்குமே, அது.

கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினார். 39. கழற்றிப் பக்கத்து மெஷினில் மாட்டினார். அங்கே ஒழுங்காக ஓடியது. பையிலிருந்து புதியதை உறை கிழித்து எடுத்து இங்கே மாட்டினார்.

39.

குனிந்து பார்த்தார். புதுக் கீபோர்டில் ஸ்பேஸ் பார் கீழே இறங்கியிருந்தது. நகத்தால் நெம்பினார்... வரவில்லை.

நாகநாதனுக்குப் போன் செய்து, இந்த மேசையில் யார் உட்காருவார்கள் என்று கேட்டார்.

“ஐரீன்னு ஒரு அம்மா, தம்பி. இருபது வருஷமா டைப்பிஸ்ட். போன மாசம், சனிக்கிழம எல்லாரும் போனப்புறம் அங்கயே நெஞ்சடச்சு... திங்கக்கெழம வந்துதான் பாத்தோம். வீட்டுல தேட ஆள் இல்லலா.”

பிறகு மெதுவாக, “கட்டவெரலு அந்த நீளக் கட்டையிலயே இருந்துச்சு. ஸ்கிரீன்ல வெறும் பக்கமா ஓடிக்கிட்டே இருந்துச்சு,” என்றார்.

பெர்னார்ட் போனை வைத்தார். ஓடிப்போயிருக்கலாம். ஓடவில்லை. ஒன்றரை நாள் யாருமே தேடாமல்... அதையே நினைத்துக்கொண்டு நின்றாராம். தனக்கு இப்படி ஆனால் யார் தேடுவார்கள் என்றும் நினைத்தாராம்.

காலி நாற்காலியின் பக்கம் குனிந்து சொன்னார்:

“அக்கா, வேல முடிஞ்சிருச்சு. நீங்க வீட்டுக்குப் போங்க.”

டக்.

கட்டை மேலே வந்தது. மெஷின் ஓட ஆரம்பித்தது. நாற்காலி மெல்லப் பின்னால் நகர்ந்தது. செருப்புச் சத்தம்... சரக்... சரக்... கதவு வரை போனது. பிறகு மரப்படியில் இறங்கியது. ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு... ஐந்து.

அதோடு நின்றுவிட்டது.

காத்திருந்தார். கீழ்க்கதவு திறக்கும் சத்தம் வரவே இல்லை.

அந்த மாடிக்கு ஒரே படிக்கட்டுதான். அதுவும் குறுகல். எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். எட்டரை மணி வரை உட்கார்ந்திருந்தார். கடைசியில் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பற்றி இறங்கினார்.

ஐந்தாவது படியில் கால் வைத்தார். பக்கத்தில் மரம் மெல்லக் கிறீச்சிட்டது...

யாரோ சுவரோரம் ஒதுங்கி, அவருக்கு வழி விட்டார்கள்.